மெலிங்ஃபோர்ட் ரோடு ஸ்டேஷன் மாஸ்டர்

வைரவனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேலை வாங்கிக் கொடுத்தது அவனுடைய மீசைதான். அவன் வாயிலிருந்து இது வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, அபுதாபி முசாஃபாவில் சாரம் கட்டிக் கட்டித் தோள் தேய்ந்துகொண்டிருந்தவன் அவன். ஒரு நாள் கேம்ப் வாசலுக்கு ஆள் பொறுக்க வந்த ஈசா என்கிற மேனேஜர் அவனை நிறுத்தி, முகத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். நுனி முறுக்கிய நரைத்த மீசையைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்டேஷன் மாஸ்டர். கலாஸ்" என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான்.

அல் ஐன் போகிற சாலையில், ஒட்டகமே தங்க யோசிக்கும் மணல்வெளியில், ஒரு கம்பெனி இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைக் கட்டி டிக்கெட் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு வீடுகள், மணிக்கூண்டு வைத்த மாதா கோயில், பீர் கிடைக்காத பீர்க்கடை, நீளமான சுவரில் பச்சை பெயிண்டால் வரைந்த மலை. எல்லாம் போலி. ஸ்டேஷன் மட்டும் நிஜம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மூலையில் மூடிப்போட்டுப் புல் முளைத்துக் கிடந்த சின்ன ஸ்டேஷனை விலைக்கு வாங்கி, செங்கல் செங்கலாகப் பிரித்து, கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இங்கே அடுக்கியிருந்தார்கள். டிக்கெட் ஜன்னல், இரும்புக்கால் பெஞ்ச், மணி, பெயர்ப்பலகை எல்லாம் அந்த ஊர் மழையில் நனைந்தவை. பலகையில் 'மெலிங்ஃபோர்ட் ரோடு' என்று எழுதியிருந்தது.

ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் அந்த ஸ்டேஷனின் கதையை வைரவன் இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவன், இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். விக்டோரியா ராணி காலத்தில் திறந்த ஸ்டேஷன். மெலிங்ஃபோர்ட் என்ற ஊர் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்தது. ஸ்டேஷன் பெயரோடு 'ரோடு' என்று சேர்த்திருந்தால், இறங்கி நடக்க வேண்டும் என்று அர்த்தம். போக நாலு ரயில், வர நாலு ரயில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கிடையாது. விடிகாலை ரயிலில் பால் கேன்கள் டவுனுக்குப் போகும், திரும்பும்போது நிலக்கரி வரும். சந்தை நாளில் ஆடுகள் ஏறும். கோடையில் ஸ்ட்ராபெர்ரிக் கூடைகள் ஏறும். முதல் உலகப் போருக்கு ஊர்ப் பையன்கள் இந்தப் பிளாட்ஃபாரத்தில்தான் ரயில் ஏறினார்கள். பாதிப் பேர் திரும்பி வந்து இறங்கவில்லை. பிறகு பஸ் வந்தது, கார் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி ரயிலை வழியனுப்பிய ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அந்த இடம் வந்ததும் வைரவனும் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வேர்வை கொட்டும். கறுப்புக் கம்பளிக் கோட்டு, உள்ளே இன்னொரு கையில்லாத கோட்டு, கழுத்துவரை பித்தளைப் பொத்தான். பனி கொட்டுகிற ஊருக்குத் தைத்த உடுப்பு அது. ஜூலையிலும் கழற்றக் கூடாது என்பது கம்பெனி சட்டம்.

பிறகு மணி அடித்து, விசில் ஊதி, பச்சைக்கொடி காட்டுவான். புகைவண்டி மாதிரி வேஷம் போட்ட பேட்டரி வண்டியை, சிட்டகாங்கிலிருந்து வந்த கலீலுர் ரஹ்மான் ஓட்டிக்கொண்டு போவார். வண்டி பெயிண்ட் மலையைச் சுற்றிப் பின்பக்கம் மறைந்து, அதே பிளாட்ஃபாரத்துக்கு வந்து நிற்கும். அதற்குள் ஒரு டீ ஆறாது.

பொய் உடுப்பானாலும் போட்டவன் புத்தியை அது பிடித்துக்கொள்கிறது. வைரவன் நடை மாறிற்று. பேச்சு மாறிற்று. புல் வெட்டுகிறவர்கள் வெயில் தாங்காமல் பிளாட்ஃபாரத்து நிழலில் ஒதுங்கினால், "யல்லா, உட்டோ!" என்று விசில் ஊதி விரட்டுவான். அவர்கள் ராத்திரி அவன் ரூமிலேயே மேல்கட்டிலில் படுக்கிறவர்கள். அந்த வெட்கமெல்லாம் அவனுக்கு இல்லை. பெஞ்ச் கஸ்டமருக்கு மட்டும் என்பான். ஸ்டேஷன் டீக்கடையில் வெள்ளை லேஸ் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும் கமலேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. அவளிடம் ஒரு நாள், டூட்டியில் தன்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"ஓம் சேர்" என்றாள் கமலேஸ்வரி. "கோட்டுக்குள்ள நீங்கள் நிக்கிறியளோ, இல்லாட்டிக் கோட்டு மட்டும்தான் நிக்குதோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

அந்தக் கோட்டோடு எடுத்த போட்டோவை ஊருக்கு அனுப்பினான். அவன் மனைவி சீதாலட்சுமி அதைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். பார்த்தவர்கள் கேட்டார்கள். "ஸ்டேஷன் மாஸ்டரா இருக்காக" என்றாள். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் ராமேஸ்வரம் லயன் ஓடுகிற சீமையில் அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்களுடைய மகள் சந்தியாவுக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. பெண் பார்த்துவிட்டுப் போய்த் தகவல் சொல்லாமலே இருந்த வீடுகள் பல. கடைசியில் போட்டோவைப் பார்த்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மதுரையில் ரயில்வே டெக்னீஷியன். அவருடைய அப்பா பாண்டித்துரை, தண்டவாளத்தில் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கி நடந்தே ரிட்டையர் ஆன கேங்மேன். "எத்தன மாஸ்டருக்கு முன்னால கையக் கட்டி நின்னுருப்பேன்! ஒரு மாஸ்டரு எனக்குச் சம்பந்தியா வாராரா?" என்று போனில் தழுதழுத்தார். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வைரவன் என்ன சொன்னான் தெரியுமா? "டிராஃபிக் ஜாஸ்தி சம்பந்தி, லயன்ல எப்பவும் வண்டிதான்" என்றான்.

பூ வைத்தாயிற்று. சந்தியாவும் மாப்பிள்ளையும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அவள் சிரிப்பதைச் சீதாலட்சுமி பல வருஷத்துக்குப் பிறகு கேட்டாள். இந்தக் கல்யாணம் தவறினால் மகள் இனி எழுந்திருக்கமாட்டாள் என்று வைரவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

கார்த்திகை மாதம் ஒரு விடுமுறை நாள். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்காக நின்று காத்திருந்தார்கள். பெஞ்சில் ஒரு கிழவர் இருந்தார். அளவு பெரிதான பேன்ட்டை மடித்துவிட்டு, செருப்பைக் கீழே கழற்றிப் போட்டு, ஒரு காலைத் தூக்கி மடக்கி, மடியில் டப்பாவைத் திறந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார். வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது. தூரத்திலிருந்து ஈசா கையைக் காட்டினார்.

வைரவன் போய் நின்றான். முகத்தைப் பார்த்ததுமே நம்ம ஊர் ஆள் என்று தெரிந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

"யோவ், எந்திரி. இது என்ன ஒங்க ஊரு சத்திரமா?"

"கொஞ்சம் இருங்க தம்பி. மகன் பாத்ரூமுக்குப் போயிருக்கான், இந்தா வந்திருவான்."

வைரவன் அவர் காதருகே விசிலை ஊதினான். கிழவர் திடுக்கிட்டார். கொடிக் கம்பால் டப்பாவைத் தள்ளினான். சோறு பிளாட்ஃபாரத்தில் கொட்டியது. வெள்ளைக்காரி முகத்தைச் சுளித்தாள்.

"அள்ளு. ஒரு பருக்கை கெடக்கக் கூடாது" என்றான்.

கிழவர் குத்தவைத்து உட்கார்ந்து அள்ளினார். வைரவன் ஷூ நுனியால் விட்டுப்போன பருக்கைகளைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒருவன் ஓடிவந்தான். கிழவரின் மூத்த மகன், அபுதாபியில் ஏசி மெக்கானிக்.

"அப்பா! என்னப்பா இது?" என்றவன் வைரவனை நிமிர்ந்து பார்த்தான். மீசையைப் பார்த்தான். "நீங்க வைரவன் மாமாதான? சொல்லாம வந்து நிக்கணும்னு அப்பாதான் ஆசப்பட்டாரு. இவருதான் மாமா, ஒங்க சம்பந்தி பாண்டித்துரை."

வைரவன் ஷூ நுனியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவரை அவன் நேரில் பார்த்ததில்லை. பூ வைக்கிற அன்றுகூடப் போனில் குரல்தான். பாண்டித்துரை கை நிறைய சோற்றோடு எழுந்து நின்றார்.

"தெரியாமப் போச்சு சம்பந்தி... மன்னிச்சிருங்க..."

"இதுல என்ன சம்பந்தி? மாஸ்டர்னா அப்புடித்தான் இருக்கணும். எங்க மாஸ்டர்மாரும் இப்புடித்தான் பிளாட்ஃபாரத்துல சோறு திங்க விடமாட்டாக" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பி வைரவன் உயிர் பெற்றான். டீ வாங்கிக் கொடுத்தான். பாண்டித்துரை பிளாட்ஃபாரத்து ஓரத்தில் மெதுவாகக் குனிந்து, தண்டவாளத்தைக் கட்டைவிரலால் தடவினார். மரம் மாதிரி பெயிண்ட் அடித்த சிமென்ட் கட்டையைத் தட்டினார். ரயில் இடதுபக்கம் போய் வலதுபக்கமாக வந்து நின்றதையும் பார்த்தார். முப்பது வருஷம் தண்டவாளத்தின் மேல் நடந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

"இந்த ஸ்டேஷனப் பத்திச் சொல்லுங்க சம்பந்தி" என்றார். வைரவன் பால் கேனிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வரை தமிழில் சொன்னான். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அறுபத்து நாலுலயே மூடிட்டாக. அப்ப மூடுன ஸ்டேஷனுக்குத்தான் மாஸ்டரா?"

வைரவன் காலி டீக் கப்பை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் நகர்ந்தான். அவர் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது மட்டும் சாதாரணமாக ஒன்று கேட்டார். "கல்யாணத்துக்கு நாள் பாக்கணும். ஒங்களுக்கு எந்த மாசம் லீவு கெடைக்காது?"

"தை மட்டும் கெடைக்காது சம்பந்தி, இங்க அதுதான் சீசன். மாசிக் கடைசிக்கு மேல எப்ப வேணும்னாலும் வருவேன்."

அடுத்த வாரமே சீதாலட்சுமி போன் செய்தாள். தை மாதம் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். வைரவன் பாண்டித்துரையைக் கூப்பிட்டுக் கெஞ்சினான்.

"பஞ்சாங்கத்துல அதுதான் நல்ல நாளுங்குறாக. மாஸ்டரு ஸ்டேஷன விட்டுட்டு வரலாமா? ரயிலு நின்னு போயிருமே" என்றார் அவர்.

ஈசாவிடம் போய் நின்றான். "சீசன். லீவ் மாஃபி, கிடையாது. போனால் கேன்சல்தான்" என்றார் அவர். விசா கேன்சலாகி ஊரில் வந்து நிற்கிற மாஸ்டருக்குச் சம்பந்தி வீட்டில் என்ன மரியாதை இருக்கும் என்று வைரவன் நினைத்துப் பார்த்தான். டீக்கடைப் பக்கம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீங்கள் அந்த மனிசனைப் பெஞ்சில இருந்து கலைச்சியள். அவர் உங்களை மகளின்ர கலியாணத்தில இருந்து கலைக்கிறார்" என்றாள் கமலேஸ்வரி. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

கல்யாணத்தன்று பாண்டித்துரை ஒரு பெரிய ஏற்பாடு செய்திருந்தார். மண்டபத்து மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை. பெண்ணின் அப்பா வெளிநாட்டு ஸ்டேஷனிலிருந்தே எல்லோருக்கும் தெரிவார் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். வைரவன் உருகிப்போனான். சம்பந்தி தங்கமான மனுஷன், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று கலீலுர் ரஹ்மானிடம் சொன்னான். மீசைக்கு எண்ணெய் தடவி, பொத்தானைத் துடைத்து, காலை முதல் ரயிலுக்கு முன்பே பிளாட்ஃபாரத்தில் நின்று போட்டிம் என்கிற ஆப்பில் வீடியோ கால் போட்டான்.

மண்டபமே தெரிந்தது. சந்தியா அரக்குப் பட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை நிமிர்ந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள். வைரவனுக்குக் கண் நிறைந்தது. தட்டில் தாலியை வைத்துச் சபையெல்லாம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி எடுத்துப் போனார்கள். பாண்டித்துரை மைக்கோடு முன்னால் வந்தார்.

"நம்ம சம்பந்தி, ஸ்டேஷன் மாஸ்டர். எல்லாரும் பாத்துக்கங்க. சம்பந்தி, நம்ம சனத்துக்கு ஒரு விசில் ஊதுங்க."

ஊதினான். மண்டபம் கைதட்டியது.

"கொடியக் காட்டுங்க. மணிய அடிங்க. இங்கிலீசுல அறிவிப்புச் சொல்லுங்க."

காட்டினான், அடித்தான், சொன்னான். தொப்பியைக்கூடக் கழற்றிக் காட்டினான். கைதட்டலோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்குள் டிக்கெட் வாங்கிய கூட்டம் ஏறி உட்கார்ந்துவிட்டது, கலீலுர் ரஹ்மான் வண்டியை எடுத்துவிட்டார்.

"ஒங்க ரயிலு எங்கிட்டுப் போகுதுன்னு நாங்க பாக்க வேணாமா? போனத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு அது பின்னாலயே போங்க சம்பந்தி."

"அங்கிட்டெல்லாம் போகக் கூடாது சம்பந்தி, ரூல்ஸ்..."

"தாலி இன்னும் சபையச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் பாண்டித்துரை. குரலில் கோபமே இல்லை. "ஓடுங்க."

அப்போதுதான் வைரவனுக்கு எல்லாம் விளங்கியது. பாண்டித்துரைக்குத் தெரியும். பெஞ்சுப் பக்கத்தில் குத்தவைத்து அள்ளிய அன்றிலிருந்தே தெரியும். போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மகளின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஓடினான்.

கம்பளிக் கோட்டோடு, போனை முன்னால் நீட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் நடுவே ஐம்பத்து மூன்று வயது ஆள் ஓடினான். வண்டியில் இருந்த குழந்தைகள் அவனைப் பார்த்துக் கூவின. பெயிண்ட் மலையின் பின்பக்கம் வந்தது. அங்கே குப்பைத் தொட்டிகள், ஜெனரேட்டர், புல் வெட்டுகிறவர்கள் துணி மறைப்புக் கட்டிச் சாப்பிடுகிற இடம். சுவரின் மறுபக்கத்தில் மலை இல்லை, வெறும் பலகைதான். அது அத்தனையும் பரமக்குடி மண்டபத்தில் பெரிய திரையில் தெரிந்தது. ரயில் வளைந்து திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

"அட, திருவிழா ராட்டினம்டா இது!" என்று ஒரு குரல் போனில் கேட்டது. அதன்பின் மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று பாண்டித்துரை மைக்கில் கூவினார்.

வைரவன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தான். வெயில் நேராக விழுந்ததில் போன் கண்ணாடியில் தன் தொப்பியும் மீசையும்தான் தெரிந்தன. கையால் மறைத்தான், கோட்டால் மறைத்தான், ஒன்றும் தெரியவில்லை. மேளம் மட்டும் கேட்டது. பெற்ற மகளுக்குத் தாலி ஏறுவதை அவன் காதால்தான் கேட்டான். டிக்கெட் ஜன்னலின் நிழலுக்கு ஓடிச் சேர்ந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது.

நிழலில் படம் தெரிந்தது. கழுத்தில் புதுத் தாலியோடு சந்தியா போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை உட்பட.

"கண்ணு, நல்லா இருக்கணும்மா... அப்பா..." மூச்சு வாங்கியதில் மேலே பேச வரவில்லை.

"போன வைங்கப்பா" என்றாள் சந்தியா. "நான் இவுக வீட்டுலதான் இனிமே இருக்கணும். இங்கிட்டு போன் பண்ணாதீங்க."

அவளே துண்டித்தாள்.

பிளாட்ஃபாரத்தில் கைதட்டல் கேட்டது. வைரவன் திரும்பிப் பார்த்தான். வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் அவனைப் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தது. ரயிலைத் தவறவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர் ஓடுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் இன்னொரு தடவை ஓடச் சொல்லிக் கத்தின. கூட்டத்துக்குப் பின்னால் ஈசாவும் தட்டிக்கொண்டிருந்தார். கோபமாக வருவார் என்று வைரவன் நினைத்தான். அவர் வந்து தோளில் தட்டிக் கொடுத்தார்.

"வெரி குட்! எவரி ட்ரெயின்" என்றார்.

மெலிங்ஃபோர்ட் ரோடு ஸ்டேஷனின் சேவைகளில் அன்று முதல் ஒன்று கூடியது. வைரவன் கதை சொல்லி, தொப்பியைக் கழற்றிப் போட்டு, மணி அடித்து, கொடி காட்டி, பிறகு ரயில் பின்னால் மலையைச் சுற்றி ஓடிவருகிறான். புல் வெட்டுகிறவர்கள் இப்போது பிளாட்ஃபாரத்து நிழலில் நின்றே அதைப் பார்க்கிறார்கள். அவன் யாரையும் விரட்டுவதில்லை. யாரோ எடுத்த வீடியோவைப் பாண்டித்துரையின் மூத்த மகன் ஊருக்கு அனுப்பினான். சம்பந்தி அதை ஸ்டேட்டஸில் வைத்தார்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் வைரவன் ஈசாவிடம் போய், ஓடும்போது மட்டும் கோட்டைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். கூடாது என்றார் ஈசா.